பதில் சீழ்க்கை

முதலில் அந்த விசிறியை நிறுத்திவிடுங்கள், சார்ஜென்ட். நீங்கள் பேசுவது கேட்காமல் இல்லை. இரண்டு பேர் உட்கார்ந்து நிதானமாகப் பேசுகிற அறையில் சுவரோரமாக அது கடகடத்துக்கொண்டிருப்பது அழகில்லை, அவ்வளவுதான். காப்பிக்கு நன்றி. நான் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை, பரவாயில்லை, குடிக்கிறேன்.

வெளியே என் வக்கீல் மிஸ் பெல்டியே கோபத்தோடு உட்கார்ந்திருப்பாள். அவளை வெளியே இருக்கச் சொன்னது நான்தான். நல்ல பெண். காலையிலிருந்து எனக்குப் படித்துப் படித்துச் சொன்னாள். "மிஸ்டர் மக்வேனல், நீங்க வாயையே திறக்காதீங்க. உங்களுக்கு வயசு எழுபத்தொண்ணு. பாதி ஆயுசு மர மில்லுல, ரம்பத்துக்குப் பக்கத்துல. காது டாக்டர் ஒருத்தர் வந்து டெஸ்ட் பண்ணட்டும். நீங்க தப்பாக் கேட்டுட்டீங்க, தப்பாச் சொல்லிட்டீங்க. வயசான மனுஷனோட தப்பு. மரத்துல இருந்த குறிய வெச்சு அவங்களால ஒண்ணும் நிரூபிக்க முடியாது. நீங்க வீட்டுக்குப் போயிடலாம்."

அவள் சொன்னதில் சட்டப்படி ஓட்டை ஒன்றும் இருக்காது. ஆனால் அந்த வழியில் எனக்கு விருப்பமில்லை. அதற்காகத்தான் உங்களைக் கூப்பிட்டேன். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

கெரிட் ஹூக்ஸ்ட்ராவைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். பால் லாரி ஓட்டிப் பிழைத்தவன். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு, கடன் கேட்டால் எதற்கென்று கேட்காத மனசு. நானும் அவனும் ஒரே வருஷம்தான் நீள்பாதைச் சங்கத்தில் சேர்ந்தோம். படகுத்துறைச் சாலையிலிருந்து கலங்கரை விளக்கம் வரைக்கும் பாறை விளிம்போடு போகிற பகுதி எங்கள் பொறுப்பு. குளிர்காலத்தில் சாய்ந்த மரங்களை நான் மோட்டார் ரம்பத்தால் அறுப்பேன், அவன் இழுத்துப் போடுவான். பிறகு வெள்ளைப் பெயின்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு மரத்துக்கு மரம் குறி தீட்டிக்கொண்டு போவோம்.

அந்தக் குறிகள் உங்களுக்குத் தெரியும். உள்ளங்கை அளவு வெள்ளைச் செவ்வகம். ஒன்று இருந்தால் நேரே போ, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இருந்தால் திரும்பு. நீள்பாதையில் நடக்கிறவன் வரைபடத்தைப் பார்ப்பதில்லை, தரையையும் பார்ப்பதில்லை, குறியைத்தான் பார்ப்பான். பறவை பார்க்கிறவனோ குறியையும் அரைக் கண்ணால்தான் பார்ப்பான், மற்ற ஒன்றரைக் கண்ணும் மரத்தின் மேலே இருக்கும். யாரோ ஒருவர் பொறுப்பாகத் தீட்டியிருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் அத்தனை பேரும் அந்தப் பாறை விளிம்பில் நடக்கிறார்கள். எங்கள் பகுதியில் அந்த ஒருவர் நான்.

ஒரு வசந்தத்தில் ஏரியிலிருந்து மூடுபனி ஏறி வந்து நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் தொலைத்துவிட்டோம். கத்திப் பார்த்தோம், பனியில் குரல் எந்தத் திசையிலிருந்து வருகிறதென்று தெரியவில்லை. கெரிட் உதட்டைக் குவித்து அந்தச் சின்ன ஆந்தையைப் போலச் சீழ்க்கை அடித்தான். உள்ளங்கையில் அடங்குகிற ஆந்தை அது, ஒரே சுருதியில் ஊ, ஊ, ஊ என்று விடாமல் கூவும். தாழ்ந்த சத்தம், ஆனால் செடார் மரங்களுக்கிடையே நெடுந்தூரம் போகும். நான் பதில் அடித்தேன், அதைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். அன்றிலிருந்து காட்டில் எங்களுக்கு அதுதான் அழைப்பு. ஒரு மூச்சுக்கு அடித்துவிட்டு நிறுத்த வேண்டும், மற்றவன் பதில் தர வேண்டும். பதில் வந்தால் அவன் வருகிறான் என்று பொருள், அப்புறம் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும்.

மே மாதத்தில் எங்கள் சங்கம் நடத்துகிற வசந்த நடைக்கு நீங்கள் வந்ததில்லை. வந்திருந்தால் உங்களுக்கு விளக்க வேண்டியிருக்காது. தெற்கே போன பறவையெல்லாம் திரும்பி வந்திருக்கும், இலை பாதி விரிந்திருக்கும். ஊரில் பாதிப் பேர் தொலைநோக்கியோடு என் பின்னால் வருவார்கள். நான் தொலைநோக்கியைத் தூக்குவதே இல்லை. நடந்துகொண்டே இது இன்னது, அது இன்னது என்று சொல்லிக்கொண்டு போவேன், எல்லோரும் அந்தத் திசையில் பார்ப்பார்கள், அது அங்கே இருக்கும். கண் ஏமாறும், காது ஏமாறாது என்பது என் கட்சி. முப்பது வசந்தம் அப்படி நடந்திருக்கிறேன். இந்தத் தீபகற்பத்தில் எந்தப் பறவை எப்போது வந்தது என்று இன்றைக்கு யார் பேசினாலும் அது பெரும்பாலும் என் காதில் விழுந்ததைப் பற்றிய பேச்சுத்தான்.

சென்ற ஆண்டு நடையில் கெரிட்டுக்கு முழங்கால் வலி. எப்போதும் என் தோளுக்குப் பக்கத்தில் வருகிறவன் அன்றைக்குப் பின்தங்கிவிட்டான். செடார் தோப்புக்குள் போனபோது ஜோலீன் நின்றாள். மருந்துக்கடையில் வேலை செய்கிறாளே, அந்தப் பெண். புதிதாகப் பறவை பார்க்கத் தொடங்கியவள், எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பாள்.

"லோர்ன், மேல என்னமோ மெல்லிசாக் கூவுது. ஊசி குத்துற மாதிரி. அது என்ன?"

"கிளையோட கிளை உரசுது," என்றேன். அன்றைக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தது.

மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை நான் பார்த்தேன். அதற்குள் கெரிட் நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தான், தலையைத் தூக்கி ஒரு முறை மேலே பார்த்தான். "பொன்கொண்டைச் சிட்டுடா அது. இந்தத் தோப்பு பூரா அதுதான். சொல்லிச் சொல்லி லோர்னுக்கு அலுத்துப்போச்சு, வேற ஒண்ணுமில்ல," என்று சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நெடுநாள் சேர்ந்து நடக்கிற இரண்டு பேருக்குள் ஓர் ஒத்திசைவு வந்துவிடும், சார்ஜென்ட். மேலே ஏதாவது கூவினால் கெரிட்டின் கண் அந்த மரத்துக்குப் போகும். அவன் கண் எங்கே போகிறதோ அங்கே எனக்குக் கேட்கும், நான் பெயர் சொல்வேன். அது இயல்பு. மனைவி உப்பு எடுக்கக் கையை நீட்டுவதற்குள் புருஷன் டப்பாவைத் தள்ளுவதில்லையா, அது மாதிரி. ஆனால் கெரிட் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டான். தான் எனக்குக் கண்ணைக் காட்டிக் காட்டி என்னைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்துவிட்டான்.

அக்டோபரில், நன்றி நாள் விருந்து முடிந்த அடுத்த வாரம், தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சங்கத்தின் சூப்பு விருந்து. அவனவன் வீட்டிலிருந்து ஒரு பானை கொண்டுவருவான். கெரிட் எழுந்து கரண்டியால் கோப்பையைத் தட்டினான். "லோர்ன் முப்பது வருஷமா நமக்காகக் கேட்டுக்கிட்டே இருக்கான். வர்ற மே மாசம் அவன் சும்மா வந்து பறவை பாக்கட்டும். முன்னால நான் நடக்கறேன்," என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். அவன் மனைவி வில்மா எனக்கு இன்னொரு துண்டு பூசணிப் பணியாரம் வைத்தாள். யாரும் அதில் எந்தத் தப்பும் காணவில்லை, காணவும் முடியாது, அவ்வளவு பதமாகச் சொன்னான்.

பிறகு வண்டி நிறுத்துமிடத்தில் என் தோளில் கை போட்டான்.

"டேய், உன் காது ரிட்டயர் ஆயிடுச்சுடா. உனக்குத்தான் இன்னும் தகவல் வரல." அவனுடைய சிரிப்பு. என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். "நான் யார்கிட்டயும் சொல்லல லோர்ன். வில்மாகிட்டகூடச் சொல்லல. சொல்லவும் மாட்டேன். எனக்கும் ஒரு நாள் வரும். நீ ஒரு மெஷின் வாங்கி மாட்டிக்க, ஒண்ணும் குறைஞ்சிடாது."

அவன் நல்லெண்ணத்தில்தான் சொன்னான். அதை நான் அன்றைக்கே ஒப்புக்கொண்டேன். ஆனால் நீங்கள் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஒருவனுக்கு இந்த வருஷம் காது கேட்கவில்லை என்று ஆகிவிட்டால், போன வருஷம் கேட்டதா என்று கேட்பார்கள். அதற்கு முந்தின வருஷம்? எந்த வருஷத்திலிருந்து? ஒரு நூலை இழுத்தால் சட்டை முழுக்கப் பிரியும். முப்பது வசந்தமும் சந்தேகத்துக்கு வந்துவிடும். கெரிட்டுக்கு அது புரியவில்லை. தான் ஒருவன் மட்டும் தெரிந்துவைத்திருப்பதால் பாதகமில்லை என்று நினைத்தான். அந்த ஒருவன் தினமும் என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டுக்கொண்டே இருப்பான் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை.

அவனும் வில்மாவும் வழக்கம்போலக் குளிருக்குப் புளோரிடா போனார்கள். நான் இங்கே இருந்தேன். அந்தக் குளிர்காலத்தில்தான் நான் பாதையை மாற்றினேன். அது சங்கத்தின் முடிவு, என் திட்டம் அல்ல, அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கழுகுப்பாறைக்கு வடக்கே விளிம்போரம் பாறை பிளந்து பிளந்து கிடக்கிறது. ஆள் இறங்கினால் தலை தெரியாத வெடிப்புகள். கோடையில் பெரணிச் செடி மூடியிருக்கும், ஏப்ரலில் பழைய பனி மேலே கூரை போட்டிருக்கும், கீழே வெற்றிடம். முந்தின வருஷம் ஒரு நாய் விழுந்தது. அதனால் கெரிட் ஊரில் இல்லாதபோது நடந்த ஒரு கூட்டத்தில் அந்தத் துண்டை மூடிவிட்டுக் காட்டுக்குள்ளே தள்ளிப் புதுப்பாதை வெட்டச் சொன்னார்கள். பனிச்சப்பாத்து மாட்டிக்கொண்டு தனியாக வெட்டினேன். மார்ச் மாதம் புதுக் குறிகளைத் தீட்டினேன், பழைய பாதையின் வாயில் காய்ந்த கிளைகளை அடுக்கி அடைத்தேன். பழைய பாதையின் வெள்ளைக் குறிகளைப் பழுப்புப் பெயின்டால் அழிப்பது மட்டும்தான் பாக்கி.

கெரிட் ஈஸ்டர் முடிந்து திரும்பினான். வந்த இரண்டாம் நாள் எனக்குப் போன் செய்தான். சனிக்கிழமை விடியற்காலையில் பாதையை ஒரு தடவை நடந்து பார்க்கப் போகிறேன், மே மாசம் எங்கே எங்கே நிற்கலாம் என்று பார்க்க வேண்டும், நீயும் வாயேன் என்றான். எனக்கு முதுகுவலி என்றேன். பாதையில் மாற்றம் ஏதாவது உண்டா என்று கேட்டான்.

இல்லை என்றேன்.

வெள்ளிக்கிழமை மாலை நான் அங்கே போனேன். பழைய பாதையின் வாயில் அடுக்கியிருந்த கிளைகளை எடுத்துப் புதுப்பாதையின் வாயில் போட்டேன். திரும்பச் சொல்லும் இரட்டைக் குறியின் மேல் செடார் பட்டை ஒன்றை நூலால் கட்டினேன். அதற்கு அடுத்த மரத்திலும் ஒன்று. வேறு எதுவும் செய்யவில்லை. அவன் முப்பது வருஷமாக நடந்த பாதை அது, அவனே பாதிக் குறி தீட்டிய பாதை. வழி தவறிக் கொஞ்சம் அலையட்டும், முன்னால் நடக்கிறவனுக்குப் பாதையே தெரியவில்லை என்று ஊர் ஒரு நாள் சிரிக்கட்டும், அவ்வளவுதான் நினைத்தேன் என்று நேற்று மிஸ் பெல்டியேயிடம் சொன்னேன். அவள் அதைக் குறித்துக்கொண்டாள். உங்களிடம் அப்படிச் சொல்லப் போவதில்லை. பனிக்கூரைக்குக் கீழே என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும். கெரிட்டின் எடையும் தெரியும்.

சனிக்கிழமை மத்தியானம் வில்மா போன் செய்தாள். அவர் இன்னும் வரவில்லை, போனும் எடுக்கவில்லை என்றாள். நான் உங்களுக்குச் சொல்லச் சொன்னேன், ஆட்களைச் சேர்க்கச் சொன்னேன். நீங்கள் எல்லோரும் படகுத்துறையில் கூடிக்கொண்டிருந்தபோது, பாதையைத் திறந்து வைக்கிறேன் என்று நான் முன்னால் போனேன். பட்டைகளை அவிழ்த்தேன், கிளைகளை இருந்த இடத்தில் போட்டேன், வாயிலிருந்து கண்ணில் படுகிற பழைய குறிகளைப் பழுப்புப் பெயின்டால் மூடினேன். எப்படியும் செய்ய வேண்டிய வேலை. பிறகு நீங்கள் அங்கே வந்து ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினீர்கள், கையுறையில் பழுப்பாக ஏதோ ஒட்டியது.

"என்ன லோர்ன் இது?" என்றீர்கள்.

"பிசின். வசந்தம் வந்துடுச்சில்ல," என்றேன். நீங்கள் கையுறையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டீர்கள்.

உங்கள் மேல் தப்பில்லை. காட்டுக்குள் வந்தால் காடு தெரிந்தவனைத்தான் கேட்பார்கள். நான் முன்னால் நடந்தேன், நீங்கள் எல்லோரும் என் புதுக் குறிகளைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் வந்தீர்கள். கலங்கரை விளக்கம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வரும்போது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. கழுகுப்பாறைக்கு உள்பக்கம் வந்தபோது நீங்கள் கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினீர்கள். அடுத்து நடந்தது உங்களுக்கும் தெரியும், ஆனாலும் என் வாயால் சொல்கிறேன், ஏனென்றால் வழக்கு இங்கேதான் இருக்கிறது.

"ஒரு நிமிஷம். அது என்ன சத்தம்? யாரோ விசிலடிக்கிற மாதிரி இல்ல?" என்றீர்கள்.

எல்லோரும் நின்றார்கள். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். இருபது பேர் இருப்பார்கள், தீயணைப்புத் துறை ஆட்கள், சங்கத்துக்காரர்கள். மேற்கே, விளிம்புப் பக்கத்திலிருந்து, மெதுவாக, தாழ்ந்து, ஊ, ஊ, ஊ. பிறகு நின்றது. பிறகு மறுபடியும்.

"ஆந்தை. கைக்குள்ள அடங்குமே, அந்தச் சின்னது," என்றேன். "இந்த மாசம் பூரா ஜோடி தேடி இப்படித்தான் கத்திக்கிட்டிருக்கும்."

"நெசமாவா? நான் இதுவரைக்கும் கேட்டதே இல்ல," என்றாள் ஜோலீன். போனை எடுத்துத் தூக்கிப் பிடித்தாள். பிறகு வெட்கப்பட்டுக் கையை இறக்கினாள். "ஐயோ, இந்த நேரத்துல நான் இதப் போய்ப் பதிவு பண்றேன். தப்புல்ல?"

"தப்பில்ல. கெரிட் இருந்தா அவனே பண்ணச் சொல்லுவான்," என்றேன்.

நீங்கள் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றீர்கள். பிறகு, "நீங்க சொன்னாச் சரிதான்," என்றீர்கள். அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை. சங்கத்துக்காரர்கள் தலையாட்டினார்கள். ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. மே மாதத்தில் என் பின்னால் நடந்த அதே முகங்கள். அக்டோபருக்குப் பிறகு அன்றைக்குத்தான் என் மனசு நிறைந்திருந்தது. இதை ஒளித்துப் பயனில்லை.

இரவு தேவாலயத்தில் எல்லோருக்கும் வில்மா பட்டாணி சூப்பு ஊற்றினாள். கையில் ஏதாவது வேலை இருந்தால்தான் தாங்க முடியும் என்றாள். எனக்கு ஒரு கரண்டி கூடவே ஊற்றினாள். "லோர்ன், நீங்க இருக்கீங்கன்னுதான் எனக்குத் தெம்பு. அவரு எங்கேயாவது குரல் குடுத்தா உங்க காதுல விழாமப் போகாது," என்றாள். அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தான், அவளிடம்கூடச் சொல்லவில்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சூப்பை முழுக்கக் குடித்தேன். உப்பு கொஞ்சம் தூக்கல்.

மறுநாள் தேடலை ஏரிக்கரைக்கு மாற்றச் சொன்னதும் நான்தான். விரிகுடாவில் நீர்ப்பறவைகள் இறங்கியிருக்கின்றன, கெரிட் அதைப் பார்க்கப் போயிருப்பான் என்றேன். அன்றுதான் தேடுகிற நாய் வந்தது, ஆனால் புதுப்பனி விழுந்து அதற்கு மோப்பம் கிடைக்கவில்லை. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

பிறகு ஜோலீன். அவளைக் குறை சொல்ல மாட்டேன், தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், நான் பிறர் காதால் கெட்டேன். தேடலெல்லாம் ஓய்ந்தபின் அவள் தன் முதல் ஆந்தையை இணையத்தில் பறவைக்காரர்கள் கூடுமிடத்தில் போட்டிருக்கிறாள். கியூபெக்கில் யாரோ ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, இது ஆந்தையில்லை அம்மா, ஆந்தை மூச்சு வாங்காது, ஆந்தை நிறுத்தி நிறுத்திப் பதிலுக்குக் காத்திருக்காது, இது மனிதன் என்று எழுதியிருக்கிறார். அவள் அழுதுகொண்டே உங்களிடம் ஓடி வந்தாள். நீங்கள் மேற்கே விளிம்போரம் போய்ப் பனியை விலக்கினீர்கள். கால் எலும்பு முறிந்திருந்தது, மற்றபடி பெரிய காயம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை வரை உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதாக மிஸ் பெல்டியே சொன்னாள். பையும் போனும் விழும்போதே இன்னும் ஆழத்துக்குப் போய்விட்டனவாம்.

அந்தப் பதிவை மிஸ் பெல்டியே எனக்குப் போட்டுக் காட்டினாள். கேட்டு முடித்ததும் கனிவாக என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு இது நெசமாவே ஆந்தை மாதிரிதான் கேட்டுச்சு, இல்லையா?" என்றாள். அதே கனிவுதான். வண்டி நிறுத்துமிடத்தில் கெரிட்டின் முகத்தில் பார்த்தது. அப்போதுதான் உங்களைக் கூப்பிடுவதென்று முடிவு செய்தேன்.

அவள் சொல்கிறபடி போனால் நான் வீட்டில் இருப்பேன். தெருவில் என்னைப் பார்க்கிறவர்கள் சத்தமாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசுவார்கள். பாவம், கிழவனுக்குக் காது போயிற்று, கூட்டாளி பக்கத்தில் கிடந்து கூப்பிட்டது ஆந்தையென்று பட்டதாம் என்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. எனக்கு அது வேண்டாம். கொலைகாரன் என்று எழுதுங்கள், அது நடந்தது. ஆந்தைக்கும் ஆளுக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்று எழுதாதீர்கள், அது நடக்கவில்லை.

நிரூபணம் வேண்டும் என்பீர்கள். தருகிறேன். இது யாருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை விடியும் நேரம், நீங்கள் எல்லோரும் ஏரிக்கரையில் கூடுவதற்கு முன்னால், நான் கழுகுப்பாறைக்குப் போனேன். பனி தூவிக்கொண்டிருந்தது. பழைய பாதையில் போகவில்லை, தடம் விழும். புதுப்பாதையில் நின்றேன், முந்தின நாள் நாம் எல்லோரும் நின்ற அதே இடத்தில். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வந்தது. முந்தின நாளைவிடத் தாழ்ந்து, இடையிடையே காற்றாக உடைந்து. ஒரு மூச்சுக்கு அடித்துவிட்டு நிறுத்தினான்.

கூச்சல் போட்டிருக்கலாம் அவன். சனிக்கிழமை நம் காலடிச் சத்தம் கேட்டிருக்கும், உதவி என்று கத்தியிருக்கலாம். ஏன் கத்தவில்லை என்று யோசித்தேன். குளிரில் விறைத்துக் கிடந்தவனுக்குக் கத்த மூச்சு இருந்திருக்காது. அது ஒரு காரணம். இன்னொன்று, தேடி வருகிறவர்களுக்கு முன்னால் நான்தான் நடப்பேன் என்று அவனுக்குத் தெரியும். உச்சத்தில் போகிற சத்தம் எனக்கு எட்டாது என்று அவன் நம்பினான். தாழ்ந்த சத்தம்தான் எட்டும் என்று நினைத்து, இத்தனை வருஷம் எனக்குக் கண் காட்டியது போல, எனக்கென்று பார்த்துத் தாழ்த்தி அடித்துக்கொண்டு கிடந்தான். அந்த நிலையிலும் என் காதின்மேல் அவனுக்கு அவ்வளவு பரிதாபம்.

நான் உதட்டைக் குவித்துப் பதில் அடித்தேன்.

ஒரு முறை, தெளிவாக, முழு மூச்சுக்கு. எனக்குக் கேட்கிறது என்று அவன் தெரிந்துகொள்ள வேண்டும். அவன் நினைத்தது தப்பு என்று தெரிந்துகொண்டுதான் போக வேண்டும். அதற்குத்தான் போனேன், வேறு எதற்கும் போகவில்லை.

அதன்பிறகு அவன் அடிக்கவே இல்லை. பதில் வந்துவிட்டால் நின்ற இடத்தில் நிற்க வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு, நான் வருகிறேன் என்று பேசாமல் இருந்திருப்பான். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஏரிக்கரைக்கு வந்தேன். நீங்கள் எனக்கு ஒரு கோப்பை காப்பி கொடுத்தீர்கள், அதிலும் சர்க்கரை போட்டிருந்தீர்கள்.

அவ்வளவுதான். கையெழுத்துப் போடுகிறேன், காகிதத்தை இப்படித் தள்ளுங்கள். என்ன சொன்னீர்கள்? இல்லை, கேட்டது, இன்னொரு முறை சொல்லுங்கள் என்றுதான் சொன்னேன். விசிறி இன்னும் ஓடுகிறதா? நிறுத்தியாயிற்றா, சரி.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சன்னல் பக்கம் பார்க்கிறீர்கள்? அந்த செடார் மரத்தையா பார்க்கிறீர்கள்? ஏதாவது கூவுகிறதா அங்கே?

சொல்லிவிடாதீர்கள். நானே சொல்கிறேன்.